பிரெஞ்சு மொழி பிரான்ஸுக்கே எப்போ வந்துச்சு?

மொழிப்பசி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா பிரெஞ்சு கத்துக்கிட்டு இருக்கேன், இப்ப ஏ2 லெவல். போன வாரம் ஒரு விஷயம் படிச்சேன், அதுல இருந்து மண்டைக்குள்ள அதே ஓடிக்கிட்டு இருக்கு. 1794ல, அதாவது புரட்சி நடந்து அஞ்சு வருஷம் கழிச்சு, அபே கிரெகுவார்னு ஒரு பாதிரியார் அவங்க சபையில ஒரு அறிக்கை வைக்கிறார். நாட்டுல குறைஞ்சது 60 லட்சம் பேருக்கு பிரெஞ்சு சுத்தமா தெரியாது, இன்னொரு 60 லட்சம் பேரால தொடர்ச்சியா நாலு வார்த்தை பேச முடியாது, ஒழுங்கா பேசுறவங்க 30 லட்சத்தைத் தாண்ட மாட்டாங்கன்னு அதுல இருக்கு. அப்ப ஜனத்தொகை சுமார் 2 கோடியே 80 லட்சம்! நான் இத்தனை நாளா நினைச்சது என்னன்னா பிரான்ஸ்ல எல்லாரும் ஆதியில இருந்து பிரெஞ்சு பேசினாங்க, அப்புறம் கப்பல் ஏறி உலகம் பூரா கொண்டு போனாங்கன்னு. அப்ப இது யாரோட பாஷை? மத்தவங்க என்ன பேசினாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்படியே அந்த ஸ்பெல்லிங் ஏன் அப்படி இருக்கு, 97ஐ ஏன் நாலு-இருபது-பத்து-ஏழுன்னு சொல்றாங்கன்னும் சொன்னா புண்ணியமா போகும்.

வேர்ச்சொல்:
நல்ல கேள்வி, முதல்ல இருந்தே வரேன். இன்னைக்கு பிரான்ஸா இருக்கிற இடத்துல 2,000 வருஷத்துக்கு முன்னாடி பேசினது கோலிஷ், கெல்டிக் குடும்பம், வெல்ஷ் ஐரிஷுக்கெல்லாம் சொந்தக்காரன். கி.மு. 58ல ஜூலியஸ் சீசர் படையோட உள்ள வந்தார், எட்டு வருஷத்துல மொத்தத்தையும் பிடிச்சாச்சு. ஆனா மொழி ஒரே நாள்ல மாறல, பல நூறு வருஷம் ஆச்சு. வந்து உட்கார்ந்ததும் புலவருங்க எழுதின லத்தீன் இல்ல, சிப்பாயும் வியாபாரியும் பேசின லத்தீன். குதிரைக்கு ஏட்டு லத்தீன்ல எக்குஸ், சந்தை லத்தீன்ல கபால்லுஸ், பிரெஞ்சு ஷெவால் சந்தையில இருந்து வந்தது. தலைக்கு ஏட்டுல கபுட், பேச்சுல டெஸ்டா, டெஸ்டான்னா மண்பானை, அதுதான் இன்னைக்கு தெத். இதைப் படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சு, ஏன்னா நீங்க மேல எழுதின 'மண்டை'யும் இதே கதை தான். புறநானூத்துல பாணர் கையில இருக்கிற மண்டை சாப்பாட்டுக் கலம், பாத்திரம். அது நம்ம ஊர்ல தலை ஆயிருச்சு, அவங்க ஊர்ல பானை தலை ஆயிருச்சு.

கோலிஷ் மொத்தமா செத்துப் போச்சு, சில சொல் மட்டும் மிச்சம், அதுவும் பாத்தீங்கன்னா எல்லாம் காடு கழனி சம்பந்தப்பட்டது. ஓக் மரத்துக்கு ஷேன், வானம்பாடிக்கு அலுவெத், கலப்பைக்கு ஷாரு. பாரிஸ்ங்கிற பேரே பாரிசின்னு ஒரு கோலிஷ் கூட்டத்தோட பேரு. மொழி போனாலும் உழவன் வாயில இருந்த சொல் போகல.

அப்புறம் 5ஆம் நூற்றாண்டுல ஃபிராங்குகள் வந்தாங்க, ஜெர்மானிய ஆளுங்க. ஜெயிச்சவங்க அவங்க தான், ஆனா கொஞ்ச கொஞ்சமா தோத்தவங்க பாஷையையே பேச ஆரம்பிச்சுட்டாங்க. நாட்டுக்குப் பேரைக் குடுத்தாங்க, யுத்தத்துக்கு கேர், நீலத்துக்கு ப்லோ, வெள்ளைக்கு ப்லான் மாதிரி சில நூறு சொல்லைக் குடுத்தாங்க, அவ்வளவு தான்.

கேள்விக்குறி:
லத்தீன் எந்த இடத்துல முடிஞ்சு பிரெஞ்சு எந்த இடத்துல ஆரம்பிச்சுச்சுன்னு ஒரு கோடு போட முடியுமா? இல்ல நாமளா போடுறதா?

வேர்ச்சொல்:
கோடு நாம போடுறது தான், ஆனா ரெண்டு தேதி இருக்கு. 813ல தூர் நகரத்துல கூடின சபையில ஒரு முடிவு, சாமியாருங்க பிரசங்கத்தை ஜனங்களோட 'நாட்டுப்புற ரோமன்' பேச்சுல பண்ணணும்னு. அதாவது கோயில்ல சொல்ற லத்தீன் யாருக்கும் புரியலன்னு அதிகாரமா ஒத்துக்கிட்டாச்சு. ரெண்டாவது 842 பிப்ரவரி 14, ஸ்ட்ராஸ்பூர்க். ஃபிராங்குகளோட பேரரசர் சார்லமேனோட பேரன்கள் ரெண்டு பேர் மூத்த அண்ணன் லோத்தாருக்கு எதிரா கூட்டணி போட்டு சத்தியம் பண்றாங்க. இதுல அழகு என்னன்னா ஜெர்மன் பக்கத்து லூயி ரோமன் பேச்சுல சத்தியம் பண்றார், மேற்குப் பக்கத்து சார்ல்ஸ் ஜெர்மன்ல பண்றார், கூட்டாளியோட சிப்பாய்க்குப் புரியணும் அவன் சாட்சியா இருக்கணும்னு. அதை நிதார்னு ஒருத்தர் அப்படியே எழுதி வச்சார், அவரும் சார்லமேனோட மகள் வயித்துப் பேரன் தான். 'ப்ரோ தேயோ அமுர்'னு ஆரம்பிக்கும், கடவுள் மேல உள்ள அன்பால. அது லத்தீனும் இல்ல, இன்னைக்கு பிரெஞ்சும் இல்ல. நமக்குக் கிடைச்ச பழைய பிரெஞ்சுல முதல் எழுத்து அது.

97 விஷயம்: 20 20ஆ எண்ணுறது ஒரு காலத்துல இன்னும் நிறைய எண்ணுக்கு இருந்துச்சு, 300ஐ பதினஞ்சு-இருபதுன்னு சொன்னாங்க. அந்த வழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னும் சண்டை போடுறாங்க, கெல்டிக் மிச்சம்னு சிலர், இல்லன்னு சிலர். பெல்ஜியம், சுவிஸ்ல 70க்கு செப்தாந்த், 90க்கு நொனாந்த்னு நேரா சொல்லிடுவாங்க.

லாசப்பல் அக்கா:
பதினஞ்சு இருபது எண்டு சொன்ன உடன எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. நான் பாரிஸுக்கு வந்து 24 வருஷம். இஞ்ச பஸ்தீயுக்குப் பக்கத்தில ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கு, அதின்ர பேரே கேன்ஸ்-வேன், பதினஞ்சு-இருபது! 13ஆம் நூற்றாண்டில ஒன்பதாம் லூயி ராசா 300 குருடருக்காகக் கட்டின இடம், அந்தக் கணக்குத்தான் பேராய் நிண்டிட்டுது. அம்மாவைக் கற்றாக்குக்குக் கூட்டிக்கொண்டு போன நேரம் வாசல்ல நிண்டு இதென்ன பேர் எண்டு யோசிச்சனான், அங்க இருந்த நர்ஸ் பிள்ளைதான் விளங்கப்படுத்தினது. வந்த புதுசில எனக்கு 70, 80, 90 தான் பெரிய பாடு. ஆரும் போன் நம்பர் சொன்னால் எழுதத் துவங்கின பிறகு பாதியில வெட்டி எழுத வேணும், அறுபது எண்டு எழுதினால் அது அறுபது-பன்னிரண்டு எண்டு போகும்.

மொழிப்பசி:
அக்கா எனக்கும் லிசனிங் டெஸ்ட்ல அதே தான் நடக்குது! சரி வேர்ச்சொல் சார், 842ல இருந்து 1794க்கு வருவோம். ஆயிரம் வருஷம் கழிச்சும் ஏன் பாதி நாட்டுக்கு பிரெஞ்சு தெரியல?

வேர்ச்சொல்:
ஏன்னா அங்க ஒரு மொழி இருந்ததே இல்ல. தெற்குப் பாதியில ஒக்ஸிதான், வடக்குல ஓயில் பேச்சுங்க, மேற்கு மூலையில பிரித்தானிங்கிற பகுதியில பிரெத்தோன், தென்மேற்கு மூலையில பாஸ்க், கிழக்குல அல்சாஸ் ஜெர்மன், கோர்ஸிகா தீவுல கோர்ஸ். 'ஆமா'ங்கிற சொல்லை வச்சே பேரு, தெற்குல ஒக், வடக்குல ஓயில், அந்த ஓயில் தேய்ஞ்சு தான் வுயி. ஒக்ஸிதான் ஒண்ணும் குறைஞ்ச பாஷை இல்ல, 12ஆம் நூற்றாண்டுல திருபதூர் பாணர்கள் காதல் பாட்டை ஐரோப்பாவுக்கே சொல்லிக் குடுத்த பாஷை. பின்னால 1904ல மிஸ்த்ரால் நோபல் வாங்கினதும் அந்தத் தெற்கத்தி பாஷையில எழுதித்தான். பாரிஸ் பேச்சு மேல வந்ததுக்கு காரணம் ராஜா அங்க உட்கார்ந்தது.

1539ல முதலாம் ஃபிரான்சுவா வில்லேர்-கொத்ரே ஊர்ல ஒரு ஆணை போட்டார், 192 பிரிவு, அதுல 110, 111 சொல்றது கோர்ட்டு பத்திரம் எல்லாம் இனி 'தாய்மொழியான பிரெஞ்சுல' இருக்கணும்னு. அது முக்கியமா லத்தீனை வெளிய அனுப்பத்தான். ஆனா ஒரு தெற்கத்தி விவசாயிக்கு லத்தீன் போய் பிரெஞ்சு வந்தா என்ன மாறுச்சு? ரெண்டும் புரியாத பாஷை. அந்தப் பிரிவுங்க இன்னைக்கும் பிரான்ஸ்ல செல்லுபடியாகுது. 1635ல மந்திரி ரிஷலியூ பிரெஞ்சு மொழியைக் கவனிக்க ஒரு அகாதமி ஆரம்பிச்சார், 40 பேர், முதல் அகராதி வர 1694 ஆச்சு.

ஸ்பெல்லிங் கேட்டீங்கல்ல, அது லத்தீன் படிச்சவங்க பண்ண வேலை. விரலுக்கு துவான்னு தான் வாய் சொல்லும், ஆனா லத்தீன் டிகிடுஸ் ஞாபகமா நடுவுல ஒரு ஜி சொருகினாங்க. நேரத்துக்கு தான்னு சொல்றதுல டெம்புஸ் ஞாபகமா ஒரு பி. எடைக்கு புவான்னு சொல்றதுல ஒரு டி சொருகினாங்க, அதுவும் தப்பான லத்தீன் சொல்லை மூலம்னு நினைச்சு! அப்புறம் சில எழுத்துக்கு மேல கூரை மாதிரி ஒரு தொப்பி இருக்கும்ல, அது பல இடத்துல செத்துப்போன எஸ்ஸோட சமாதி. ஒபிதால், ஃபொரே இந்த ரெண்டுலயும் தொப்பி போட்ட எழுத்துக்கு அடுத்து எஸ்ஸைப் போட்டுப் பாருங்க, ஹாஸ்பிடல், ஃபாரஸ்ட் வந்துரும். 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சப்ப அந்த எஸ் இன்னும் உயிரோட இருந்துச்சு, இங்கிலீஷ் அதை அப்படியே பத்திரமா வச்சிருக்கு.

கேள்விக்குறி:
ஆனா ஒண்ணு. 18ஆம் நூற்றாண்டுல பெர்லின்ல இருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரைக்கும் பிரெஞ்சு தானே பேசினாங்க, அங்க யாரும் படை எடுத்துப் போய் திணிக்கலையே. மொழி தெளிவா இருக்கு, அழகா இருக்குன்னு தானே ஏத்துக்கிட்டாங்க?

வேர்ச்சொல்:
அழகு இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன், 20 வருஷமா அதைப் படிக்கிறவன் நான். ஆனா காரணம் வேற. 14ஆம் லூயி காலத்துல ஐரோப்பாவுல பெரிய படை, பெரிய அரண்மனை, அதிக ஜனம் எல்லாம் பிரான்ஸ். 1714 ராஸ்தாட் ஒப்பந்தத்தை ஆஸ்திரியப் பேரரசர் ஆளுங்களே லத்தீனை விட்டுட்டு பிரெஞ்சுல எழுத ஒத்துக்கிட்டாங்க, அதுல இருந்து 1919 வெர்சாய் வரைக்கும் ராஜதந்திரத்துக்கு அதுதான் மொழி, வெர்சாய்ல தான் இங்கிலீஷ் சரிசமமா வந்து உட்கார்ந்துச்சு. அப்புறம் பெர்லின் அகாதமி ஒரு போட்டி வச்சது, பிரெஞ்சு ஏன் உலகமொழி ஆச்சுன்னு. 1784ல பரிசு வாங்கினவங்கள்ல ஒருத்தரான ரிவரோல் எழுதினார், தெளிவா இல்லாதது பிரெஞ்சே இல்லன்னு. இப்ப தேதியைப் பாருங்க. 1784ல இது உலகமொழி. பத்தே வருஷத்துல கிரெகுவார் அறிக்கை, சொந்த நாட்டு விவசாயிக்குத் தெரியாது. பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி பேசினா, பிரித்தானி மீனவன் பேசல. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா தான் முழுக் கதை புரியும்.

அந்த அறிக்கை தலைப்பே நாட்டு வழக்குகளை 'அழிக்க வேண்டிய அவசியமும் வழிகளும்'. கிரெகுவார் கெட்டவர் இல்ல, அடிமை முறைக்கு எதிரா, யூதர் உரிமைக்காகப் போராடினவர். சட்டம் புரியலன்னா குடிமகன் எப்படி சமம் ஆவான்னு உண்மையா நம்பினார். 1790லயே 43 கேள்வி எழுதி ஊர் ஊரா அனுப்பி பதில் வாங்கினார். வேலையை முடிச்சது பள்ளிக்கூடம் தான், 1881, 1882ல ஜூல் ஃபெரி இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம். பிரித்தானியில பிரெத்தோன் பேசின பையன் கழுத்துல 'சேம்போல்'னு ஒரு மரத்துண்டோ பழைய கட்டைச் செருப்போ மாட்டுவாங்க. அதைக் கழட்டணும்னா பிரெத்தோன் பேசுற இன்னொரு பையனைப் பிடிச்சுக் குடுக்கணும். சாயங்காலம் யார் கழுத்துல இருக்கோ அவனுக்கு தண்டனை.

மொழிப்பசி:
இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. நான் படிச்ச ஸ்கூல்ல தமிழ் பேசினா 5 ரூபா ஃபைன், பேரு எழுதிக் குடுக்க ஒரு லீடர். என் ஃபிரெண்டு பேரை நான் எழுதிக் குடுத்திருக்கேன், ரெண்டு வாட்டி. அது பிரித்தானியில கண்டுபிடிச்ச முறைன்னு இன்னைக்குத் தான் தெரியுது.

வேர்ச்சொல்:
அங்க மட்டும் இல்ல, வேல்ஸ்லயும் இதே மாதிரி கட்டை இருந்துச்சு, பல நாட்டுல இருந்துச்சு. அதனால பிரித்தானில கண்டுபிடிச்சதுன்னு சொல்ல முடியாது. ஆனா உங்க ஃபிரெண்டுகிட்ட இப்ப பேசுங்க.

மாண்ட்ரியல் பனி:
யாரும் கியூபெக்கைத் தொடலையே. இங்க ஒரு ஆச்சரியம் இருக்கு, பிரான்ஸ் முழுசா பிரெஞ்சு பேசுறதுக்கு 200 வருஷத்துக்கு முன்னாடியே இங்க குடியேறினவங்க எல்லாரும் பிரெஞ்சு பேசிட்டாங்க. 1608ல ஷாம்ப்லேன் கியூபெக் நகரத்தை ஆரம்பிச்சார், வந்தவங்க நார்மண்டி, புவாத்தூ, பாரிஸ் பக்கம்னு ஆளுக்கு ஒரு வழக்கு. 1663ல இருந்து 1673 வரைக்கும் ராஜா செலவுல சுமார் 800 பொண்ணுங்களைக் கல்யாணத்துக்கு அனுப்பினாங்க, 'ராஜாவோட மகள்கள்'னு பேரு. வேற வேற ஊர்க்காரங்க ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணும்போது பொதுவா இருந்த பிரெஞ்சு தான் அடுத்த தலைமுறைக்குப் போச்சு, அம்மா பேசினது தானே பிள்ளை பேசும். 1763ல இங்கிலாந்து கைக்குப் போயிருச்சு, அப்ப இங்க இருந்த பிரெஞ்சுக்காரங்க சுமார் 70,000 பேர் தான். பிரான்ஸ் கைவிட்டுட்டுப் போன அந்த 70,000ல இருந்து வந்தவங்க தான் இன்னைக்கு இருக்கிற கியூபெக்வாசிகள்ல பெரும்பாலானவங்க.

இவங்க பேச்சுல பழசு நிறைய தங்கிருச்சு. என்னைங்கிறதுக்கு பாரிஸ்ல முவா, இங்க கிராமத்துல முவே, அதுதான் ஒரு காலத்துல ராஜா வீட்டு உச்சரிப்பு. பாரிஸ்ல தெருவுல ஸ்டாப்னு எழுதியிருக்கும், இங்க ஆரே. ஈமெயிலுக்கு கூரியேல்னு இங்க உண்டாக்கின சொல் பிரான்ஸுக்கே போச்சு. 1977 சட்டம் 101 வந்ததுல இருந்து குடியேறிகளோட பிள்ளைங்க பிரெஞ்சு ஸ்கூலுக்குத் தான் போகணும், அதனால இங்க இருக்கிற நம்ம தமிழ்ப் பிள்ளைங்க வீட்டுல தமிழ், ஸ்கூல்ல பிரெஞ்சு, டிவியில இங்கிலீஷ்னு மூணையும் சரளமா பேசுதுங்க. கட்டாயம்னு சொல்லி கோவப்படுற பெத்தவங்க இருக்காங்க, நானும் ஒரு காலத்துல கோவப்பட்டேன். இப்ப என் மனசு மாறிருச்சு, சுத்தி 30 கோடிக்கு மேல இங்கிலீஷ் பேசுற கண்டத்துல ஒரு சின்ன மொழி வேற எப்படி நிக்கும்?

பண்ருட்டி டு அபிஜான்:
வணக்கம் சார். நான் முந்திரி வியாபாரம், வருஷத்துல ஆறு மாசம் ஐவரி கோஸ்ட்ல தான் இருப்பேன், உலகத்துல பச்சை முந்திரிக்கொட்டை அதிகமா விளையுற நாடு இது. பிரெஞ்சு கிளாஸுக்குப் போனதில்ல, சந்தையிலயே கத்துக்கிட்டேன். ஒரு தடவை பாரிஸ் ஏர்போர்ட்ல நான் பேசினதைக் கேட்டு ஒருத்தர் அபிஜான்லயா கத்துக்கிட்டீங்கன்னு உடனே கேட்டுட்டார். அங்க நுஷின்னு ஒரு பேச்சு இருக்கு, பிரெஞ்சுக்குள்ள ஜூலா, பவுலே, இங்கிலீஷ் எல்லாம் கலந்து தெருப் பசங்க உண்டாக்கினது. சாப்பாட்டுக் கடைக்கு மாக்கீ, மினி பஸ்ஸுக்கு பாக்கா, பொண்ணுக்கு கோ, ஜாலியா இருக்கிறதுக்கு ஆன்ஜாயே, அது இங்கிலீஷ் என்ஜாய்ல இருந்து வந்தது. அறுபதுக்கு மேல மொழி இருக்கிற நாட்டுல அபிஜான்ல பொறந்து வளர்ந்த பல பிள்ளைங்களுக்கு பிரெஞ்சு தான் தாய்மொழி மாதிரி, வேற நாட்டு மொழின்னு அவங்க நினைக்கவே இல்ல.

வேர்ச்சொல்:
நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம், இன்னைக்கு பிரெஞ்சோட கதை அங்க தான் நடக்குது. பிராங்கோஃபோனின்னு பிரெஞ்சு பேசுற நாடுகளோட அமைப்பு ஒண்ணு இருக்கு, அதோட 2022 கணக்குல உலகத்துல பிரெஞ்சு பேசுறவங்க 32 கோடியே 10 லட்சம் பேர், தினமும் பேசுறவங்கள்ல பாதிக்கு மேல ஆப்பிரிக்கா. காங்கோ தலைநகர் கின்ஷாசா ஜனத்தொகையில பாரிஸைத் தாண்டியாச்சு, அங்க பிரெஞ்சைக் கொண்டு போனது பிரான்ஸ் கூட இல்ல, பெல்ஜியம். ஆனா அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கக் கூடாது. செனகல்ல ஆட்சிமொழி பிரெஞ்சு, தெருமொழி வொலோஃப். அங்க 1817ல ஜான் தார்னு ஒரு வாத்தியார் செயின்ட் லூயில பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு முதல்ல வொலோஃப்ல எழுதப் படிக்க வச்சார், அப்புறம் தான் பிரெஞ்சு. அதை விட்டுட்டு நேரா பிரெஞ்சுன்னு மாத்தினாங்க, எனக்கு இதுல தீராத வருத்தம் உண்டு.

ஆப்பிரிக்காவே ஒரு பக்கமா இல்ல. அல்ஜீரியாவுல எழுத்தாளர் காதெப் யாசின் பிரெஞ்சை யுத்தத்துல கொள்ளையடிச்ச பொருள்னு சொன்னார், எங்ககிட்ட இருந்து எடுத்ததுக்கு பதிலா நாங்க எடுத்துக்கிட்டதுன்னு. செங்கோர் செனகல் ஜனாதிபதியா இருந்து 1983ல பிரெஞ்சு அகாதமிக்கே போனார். இன்னொரு பக்கம் மாலி 2023 அரசியல் சட்டத்துல பிரெஞ்சை ஆட்சிமொழி இடத்துல இருந்து எடுத்துருச்சு. 2025 மார்ச்ல நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூணும் பிராங்கோஃபோனியை விட்டே வெளிய போயிட்டாங்க, அந்த அமைப்பு 1970 மார்ச் 20ல பொறந்ததே நைஜர் தலைநகர் நியாமேல.

புதுவைக்காரன்:
எங்க ஊரை விட்டுட்டீங்களே! 1674ல ஃபிரான்சுவா மார்தேன் வந்ததுல இருந்து 1954 நவம்பர் 1 வரைக்கும், நடுவுல டச்சுக்காரன் இங்கிலீஷ்காரன் வந்து போனதைக் கழிச்சா, பிரெஞ்சு ஆட்சி. எங்க தாத்தா பிரெஞ்சுப் படையில இந்தோசீனா போனவர், தெருவுல எல்லாரும் சொல்தா வீடுன்னு தான் சொல்லுவாங்க, சொல்தான்னா சிப்பாய். 1956ல கையெழுத்தான ஒப்பந்தத்துல 28ஆவது பிரிவு, ஜனப் பிரதிநிதிகள் வேற முடிவு எடுக்கிற வரைக்கும் பிரெஞ்சு ஆட்சிமொழியா இருக்கும்னு சொல்லுது. இருந்தும் தாத்தாவுக்கு அப்புறம் எங்க வீட்டுல பேச ஆள் இல்ல. ஏன்னு யோசிச்சா, இங்க பிரெஞ்சு படிச்சவங்களும் படைக்குப் போனவங்களும் பேசினாங்களே தவிர மீன் மார்க்கெட்ல அது இறங்கவே இல்ல. ஆனா சில சொல் இருக்கு, அடுப்படியை குசினின்னு பாட்டி சொல்லும், அது பிரெஞ்சு குயிஸின் தானே?

லாசப்பல் அக்கா:
தம்பி குறை நினைக்காதேங்கோ, அது பிரெஞ்சு இல்லை. யாழ்ப்பாணத்தில நாங்களும் குசினி எண்டுதான் சொல்லுறனாங்கள், பிரெஞ்சுக்காரர் எங்களை ஆண்டதே இல்லை. அது போர்த்துக்கேயரின்ர கொஸீஞ்ஞா.

வேர்ச்சொல்:
அக்கா சொல்றது சரி. ரெண்டுக்கும் பாட்டி ஒரே லத்தீன் சொல், கோகினா. அதனால குமரி மாவட்டமோ புதுவையோ யாழ்ப்பாணமோ, குசினிக்குள்ள போறவங்க எல்லாரும் சீசரோட சிப்பாய் பேச்சைத் தான் பேசுறோம்.

மொழிப்பசி:
அப்படியே திருப்பி, நம்ம சொல் ஏதாவது பிரெஞ்சுக்குப் போயிருக்கா?

வேர்ச்சொல்:
கட்டுமரம் காதாமரான் ஆச்சு, மாங்காய் போர்த்துகீஸ் வழியா மாங்க் ஆச்சு. ஆனா எனக்குப் பிடிச்சது வெட்டிவேர். பிரெஞ்சுல வெத்திவேர். சென்ட் பாட்டில்ல பாருங்க, எழுதியிருக்கும்.

புதுவைக்காரன்:
இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸ் கையில இருக்கிற ரீயூனியன் தீவையும் இங்க சொல்லணும். 19ஆம் நூற்றாண்டுல கரும்புத் தோட்டத்துக்கு நம்ம பக்கத்துல இருந்து ஆயிரக்கணக்குல கொண்டு போனாங்க, காரைக்கால், புதுவை துறைமுகம் வழியா. இன்னைக்கு அவங்களை மல்பார்னு சொல்றாங்க, கோயில் இருக்கு, தீமிதி இருக்கு, தமிழ்ப் பேச்சு இல்ல, பிரெஞ்சுல இருந்து கலந்து பிறந்த கிரியோல் தான். அங்க இருந்து ஒரு குடும்பம் எங்க தெருவுல வேர் தேடி வந்தாங்க, கையில இருந்த பழைய காகிதத்துல ஊர் பேரு பிரெஞ்சு காதுல விழுந்த மாதிரி எழுதியிருந்துச்சு, மூணு நாள் சுத்தியும் எந்த ஊர்னு கண்டுபிடிக்க முடியல.

மாண்ட்ரியல் பனி:
வெட்டிவேர்னு பார்த்ததும் ஒண்ணு எழுதணும்னு தோணுச்சு. என் கூட வேலை பாக்கிறவர் ஹைட்டிக்காரர், லே காய் நகரம் பக்கம். அவங்க கிரியோல்ல தண்ணிக்கு த்லோ, பறவைக்கு ஸ்வாஸோ. பிரெஞ்சுல தண்ணியை து லோன்னு ஒட்டவச்சுப் பேசுறதைக் கேட்ட ஆப்பிரிக்க அடிமைகள் மொத்தத்தையும் ஒரே சொல்லா எடுத்துக்கிட்டாங்க, பள்ளிக்கூடம் இல்ல புத்தகம் இல்ல, காது மட்டும் தான். 1804ல அந்த அடிமைகளே பிரான்ஸைத் தோக்கடிச்சு நாடு ஆனாங்க, இருந்தும் 1987 வரைக்கும் அரசியல் சட்டத்துல கிரியோலுக்கு சம இடம் இல்ல. இவர் ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு ஒரு பயிரோட வேரைத் தோண்டுறது தான் பிழைப்பாம், எண்ணெய் எடுத்து பிரான்ஸ் வாசனைக் கம்பெனிகளுக்குப் போகும். போன குளிர்காலத்துல ஊருக்குப் போயிட்டு வந்தப்ப ஒரு சின்னக் கட்டு கொண்டுவந்து குடுத்தார், இதுக்கு எங்க பாஷையில வெத்திவேன்னு பேருன்னார். நான் அதை மோந்து பார்த்துட்டு எங்க பாட்டி மண்பானைத் தண்ணியில போடுற வேருன்னு சொன்னேன், பேரையும் சொன்னேன். நம்பல. ரெண்டு மூணு வாட்டி சொல்லச் சொல்லிக் கேட்டார், அப்புறம் லஞ்ச் டைம்ல அவங்க அம்மாவுக்கு போன் போட்டு என்கிட்ட குடுத்து அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்கன்னார்.